நாலு வருடத் தொட்டியில் அடிக்கல்லை மாற்றலாமா?

கேள்வி: அப்பா பணி ஓய்வு பெற்றபோது அவருக்காக வீட்டில் ஒரு மீன் தொட்டி வைத்தோம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நாலு வருடமாக நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு ஏஞ்சல், எட்டு ரோசி பார்ப், ஆறு கோரிடோரஸ், ஒரு டேங்க் கிளீனர் இருக்கின்றன. ஆமேசான் ஸ்வார்ட், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன் ஆகிய செடிகள் உண்டு. அடியில் கடைக்காரர் கொடுத்த வெள்ளைக் கல். கொஞ்ச நாளாக ஸ்வார்ட் செடியின் புது இலைகள் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. திரவ உரம் ஊற்றியும் பயனில்லை. கோரிடோரஸ் மீன்களின் மீசையும் தேய்ந்துவிட்டது. வெள்ளைக் கல்லை எடுத்துவிட்டு அக்வாசாயில் போடச் சொல்கிறார் நண்பர். 'ஓடுகிற தொட்டியைக் கலைத்தால் மீனெல்லாம் செத்துவிடும்' என்கிறார் இன்னொருவர். ஒரு மீன் செத்தாலும் அப்பாவுக்கு மனசு தாங்காது. என்ன செய்யலாம்? ஒரு அடிக்கு மேல் வளர்ந்துவிட்ட டேங்க் கிளீனரை இந்தச் சாக்கில் காவிரியில் விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறோம்.
— வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அடிக்கல்லை மாற்றலாம், உங்கள் விஷயத்தில் மாற்றத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அக்வாசாயில் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த வெள்ளைக் கல் என்ன கல் என்று பாருங்கள். கடைகளில் வெள்ளைக் கல் என்று கொடுப்பது இரண்டு வகை. ஒன்று வெங்கச்சங்கல். அது தண்ணீரில் கரையாது, யாருக்கும் தீங்கில்லை. இன்னொன்று பளிங்குச் சில்லு, அதாவது சுண்ணாம்புக்கல்லின் உறவு. இரண்டு கல்லை எடுத்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதன் மேல் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு, வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். பொடிப் பொடியாக நுரை கிளம்பினால் பளிங்கு. ஒன்றும் ஆகவில்லை என்றால் இரும்பு ஆணியால் கீறிப் பாருங்கள். பளிங்கில் கோடு விழும், வெங்கச்சங்கல்லில் விழாது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்களுடையது பளிங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். மீன் மூச்சு விடுவதிலும் கழிவு சிதைவதிலும் தண்ணீரில் மெல்லிய அமிலம் உண்டாகிக்கொண்டே இருக்கும். பளிங்கு அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தண்ணீரின் கடினத்தன்மையும் காரத்தன்மையும் ஏறும். காரம் ஏறிய தண்ணீரில் இரும்புச் சத்து துருவாக மாறிப் படிந்துவிடும், செடியால் அதை எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகவும் நரம்பு பச்சையாகவும் இருந்தால் அது இரும்புப் பற்றாக்குறை. எலுமிச்சைத் தோட்டத்தில் சுண்ணாம்பு மண் இருந்தாலும் இலை இப்படித்தான் வரும். நீங்கள் உரம் ஊற்றவில்லை என்பதல்ல குறை. ஊற்றிய இரும்பு செடியின் வாய்க்குப் போய்ச் சேரவில்லை. பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகியிருந்தால் வேறு காரணம் தேடியிருப்பேன், கல்லைத் தொட வேண்டாம் என்றும் சொல்லியிருப்பேன்.

உறுதி செய்துகொள்ள, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர் போதும். குழாய்த் தண்ணீரை ஒரு தடவை, தொட்டித் தண்ணீரை ஒரு தடவை அளந்து பாருங்கள். தொட்டியில் எண் மிக அதிகமாக இருந்தால் கல் கரைகிறது. அல்லது, ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக நிரப்பிக்கொண்டு மட்டுமே இருந்திருக்கிறீர்கள், பழைய தண்ணீரை வெளியே எடுக்கவில்லை என்று பொருள். உப்பு ஆவியாகாது. நாலு வருடத்தில் அது சேர்ந்துகொண்டே போகும்.

அக்வாசாயிலை நான் குறைத்துப் பேசவில்லை. ஜப்பானின் தகாஷி அமானோ வழிகாட்டிய பாணியில் புதிதாகச் செடித் தொட்டி வைப்பவர்களுக்கு அது அருமையான மண். ஆனால் புது அக்வாசாயிலில் பல வகைகள் முதல் 2 முதல் 4 வாரங்கள் வரை அமோனியாவை வெளியிடும். காலித் தொட்டியில் அது பிரச்சினையில்லை. முழுத் தொட்டி மீனை வைத்துக்கொண்டு அதைக் கொட்டினால் உங்கள் அப்பா பயப்படுகிறதுதான் நடக்கும். உங்கள் குழாய்த் தண்ணீரே கடினமாக இருந்துவிட்டால், தண்ணீரை மென்மையாக்கும் அந்த மண்ணின் சக்தியும் சீக்கிரம் தீர்ந்துபோகும். அத்தனை விலை கொடுத்து அதற்காக வாங்க வேண்டாம்.

உங்கள் தொட்டிக்கு நான் சொல்வது 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமன் உள்ள பருமணல். தண்ணீர் வடிகட்டிகளுக்குப் போடும் சிலிக்கா மணல் கடைகளில் சலித்துத் தரம் பிரித்தே கிடைக்கும். முனை மழுங்கியதாகப் பார்த்து வாங்குங்கள். எம்-சாண்ட் வேண்டாம். அது உடைத்த கருங்கல், முனை கூராக இருக்கும், தூசியும் அதிகம். கோரிடோரஸ் அடியை முகர்ந்து முகர்ந்து இரை தேடும் மீன். கூர்முனையும் அழுகிய கழிவும் சேர்ந்துதான் அதன் மீசையைத் தின்கின்றன. மென்மணலுக்கு வந்த பிறகு பல மீன்களுக்கு மீசை மறுபடி வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முன்பக்கம் 4 சென்டிமீட்டர், பின்பக்கம் 7 சென்டிமீட்டர் என்று சரிவாகப் போட உங்களுக்கு ஏறக்குறைய 22 லிட்டர் மணல், எடையில் 35 கிலோ அளவுக்கு வேண்டியிருக்கும். அதற்கு மேல் கனமாகப் போடாதீர்கள். காற்றுப் புகாத ஆழத்தில்தான் அழுகிய முட்டை நாற்றம் வரும் வாயு சேரும். மணலில் சத்து கிடையாதே என்று கேட்பீர்கள். முக்கியமாக வேர் வழியே தின்னும் செடிகள் ஸ்வார்ட்டும் கிரிப்டோகோரைனும். அவற்றின் வேரடியில் ரூட் டேப் எனும் உர மாத்திரையைப் புதைத்தால் போதும்.

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். ஓடுகிற தொட்டி என்று எதைச் சொல்கிறோம்? மீன் வெளியிடும் அமோனியாவை ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன, இன்னொரு கூட்டம் அதை அதிகம் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை தண்ணீரில் மிதப்பவை அல்ல. ஃபில்டர் பஞ்சில், கல்லின் மேல்பரப்பில், கண்ணாடியில், மரக்கட்டையில், இலையில், வேரில் வழவழப்பாக ஒட்டி வாழ்பவை. கல்லை எடுக்கும்போது இவற்றில் ஒரு பங்கு கையை விட்டுப் போகும். மிச்சம் இருக்கும் பங்கைக் காப்பாற்றிவிட்டால் தொட்டி பிழைத்துக்கொள்ளும். அதுபோக, செடிகளே அமோனியத்தை நேராக எடுத்துக்கொள்ளும். ஆகவே செடி நிறைந்த தொட்டி இந்த அதிர்ச்சியை வெறும் தொட்டியைவிட நன்றாகத் தாங்கும்.

என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடங்கிய காலத்தில் நானும் ஒரு 3 அடித் தொட்டியில் கல் மாற்றினேன். மாற்றுகிறோமே, எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்துவிடுவோம் என்று ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். குளோரின் கலந்த தண்ணீர். சாயங்காலம் தொட்டி பளிங்கு மண்டபம் போல மின்னியது. மூன்றாம் நாள் காலையில் ஏஞ்சல்கள் மேல்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. கல்லை மாற்றியதால் அவை சாகவில்லை. கல்லையும் பஞ்சையும் ஒரே நாளில் கழுவியதால் செத்தன. அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன்: கல் மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பும், மாற்றிய பிறகு நாலு வாரமும் ஃபில்டரைத் திறந்து கழுவவே கூடாது. அடைத்துக்கொண்டு ஓட்டம் குறைந்தால், பக்கெட்டில் தொட்டித் தண்ணீரை எடுத்து அதில் பஞ்சை லேசாக ஒரு அலசு, அவ்வளவுதான்.

வேலையை ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். இப்போதே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி, பழைய ஃபில்டரோடு கூடவே தொட்டியில் ஓடவிடுங்கள். நாலைந்து வாரத்தில் அந்தப் பஞ்சிலும் நுண்ணுயிர் குடியேறிவிடும். கல்லோடு நீங்கள் இழக்கப்போவதற்கு அது ஈடு. அந்த மாதத்தில் வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றி, தொட்டி நீரின் டிடிஎஸ் அளவைக் குழாய் நீரின் பக்கமாகக் கொண்டுவாருங்கள். கடைசி நேரத்தில் ஒரேயடியாக மாற்றினால் மீனின் உடம்பு தாங்காது. சித்திரை, வைகாசி வேண்டாம். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைவு, எல்லாத் தவறும் பெரிதாகும். கார்த்திகையோ மார்கழியோ நல்லது. நாள் குறிக்கும் முன் உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்றும் பார்த்துவிடுங்கள்.

'ஒரேயடியாக வேண்டாம், வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்காக மாற்றலாமே' என்று பலர் சொல்வார்கள். செடியில்லாத, கல் கனம் குறைந்த, சுத்தமான தொட்டிக்கு அது சரிதான். உங்களுடையதில் நாலு வருடக் கழிவு கல்லுக்கடியில் கறுப்புச் சேறாக இறுகிக் கிடக்கும். மீன் உள்ளே இருக்கும்போது அதை மூன்று தடவை கிளறுவது, மூன்று தடவை விஷத்தைக் கலக்குவது. ஒரே நாளில், மீனை வெளியே எடுத்து வைத்துவிட்டு முடித்துவிடுங்கள்.

முந்தின நாள் மீனுக்கு இரை போடாதீர்கள். மணலை அன்றைக்கே அரிசி களைவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கழுநீர் தெளியும் வரை கழுவி வையுங்கள். 35 கிலோவைக் கழுவ அரை நாள் ஆகும். மறுநாளுக்கு என்று தள்ளிப்போட்டவர்கள்தான் பாதியில் அலுத்துப்போய்க் கலங்கலோடு கொட்டுவார்கள்.

காலையில் தொடங்குங்கள். சோப்பு படாத பெரிய டப்பு இரண்டு வேண்டும். எதையும் கிளறும் முன், மேல் தண்ணீரை டியூப் வைத்து டப்புகளில் 70, 80 லிட்டர் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு செடிகள். கிரிப்டோகோரைனைப் பிடித்து இழுக்காதீர்கள். விரலைக் கல்லுக்குள் விட்டு, வேரோடு தளர்த்தி எடுங்கள். எடுத்த செடிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் வைத்தால் சாயங்காலம் வரை ஒன்றும் ஆகாது. தண்ணீர் நாலைந்து அங்குலத்துக்கு இறங்கிய பிறகுதான் மீனைப் பிடிக்க வேண்டும். நிறைந்த தொட்டியில் வலையோடு துரத்தினால் மீனுக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விடும். கோரிடோரஸின் துடுப்பில் முள் உண்டு, வலையில் மாட்டிக்கொள்ளும். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் முகந்து எடுங்கள். மீன் இருக்கும் டப்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போட்டு ஓடவிட்டு, மேலே ஈரத் துணியால் மூடுங்கள். பார்ப் துள்ளும்.

பெரிய ஃபில்டரை நிறுத்தி மூலையில் வைத்துவிடாதீர்கள். ஓட்டம் நின்ற ஃபில்டருக்குள் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் சாகத் தொடங்கும். இரண்டாவது டப்பில் தொட்டித் தண்ணீரிலேயே அதை ஓடவிடுங்கள். அதற்கு வசதிப்படாவிட்டால் அதன் பஞ்சையும் வளையங்களையும் மட்டும் எடுத்து மீன் டப்பிலேயே போட்டு வையுங்கள்.

கல்லைப் பிளாஸ்டிக் முறத்தால் அள்ளுங்கள். இரும்புக் கரண்டி கண்ணாடியையும் மூலை சிலிக்கானையும் கீறிவிடும். நாறும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தக் கறுப்புச் சேறு தென்னைக்கும் பூச்செடிக்கும் நல்ல உரம், சாக்கடையில் ஊற்றாதீர்கள். தண்ணீர் வற்றியிருக்கிறதே, இதோடு தொட்டியைக் கொஞ்சம் நகர்த்திவிடலாம் என்று மட்டும் தோன்றக் கூடாது. கல் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் தூக்கும்போது அடிக்கண்ணாடி விரியும்.

கல்லெல்லாம் போன பிறகு, பெரிய பாறைகள் இருந்தால் அவற்றை முதலில் அடிக்கண்ணாடி மேலேயே வையுங்கள், பிறகு மணல். மணலின் மேல் வைத்தால் கோரிடோரஸ் கிளறக் கிளறச் சாயும். மணல் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் மெல்ல நீர் ஊற்றிப் பாதி நிரப்புங்கள். அந்த நிலையில் செடி நடுவது எளிது. ஸ்வார்ட்டின் குருத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும். ஜாவா ஃபெர்னை மணலில் புதைக்காமல் கட்டையில் கட்டுங்கள், அதன் தண்டு புதைந்தால் அழுகும். ரூட் டேப்பை ஸ்வார்ட், கிரிப்டோகோரைன் வேரடியில் அடிக்கண்ணாடி வரை அழுத்திவிடுங்கள். வீட்டிலேயே யூரியாவையோ டிஏபியையோ கேப்சூலில் அடைத்துப் போடும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. கேப்சூல் மேலே வந்து கரைந்தால் அது அமோனியாதான், இந்தச் சமயத்தில் வேண்டவே வேண்டாம்.

மிச்சத் தண்ணீரை எப்படி நிரப்புவது? எடுத்து வைத்த பழைய தண்ணீரில் தெளிந்ததைப் பாதியும், ஆன்டி குளோரின் போட்ட புதுத் தண்ணீரைப் பாதியுமாக ஊற்றுங்கள். பழைய தண்ணீரில் நல்ல நுண்ணுயிர் இருக்கிறது என்று அதைக் காப்பவர்கள் பலர். அதில் இருப்பது மிகச் சொற்பம். நாம் பழைய தண்ணீரைச் சேர்ப்பது மீன் பழகிய கடினத்தன்மை ஒரே நாளில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. ஃபில்டரை ஓட்டி, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து மீனை விடுங்கள். கொஞ்சம் கலங்கலாக இருந்தால் பரவாயில்லை.

அடுத்த பத்து நாள்தான் நிஜமான வேலை. இரண்டு நாள் இரை கிடையாது. அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிறகு இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை. வளர்ந்த மீன் இதில் பட்டினி கிடந்து சாகாது. ஆனால் தின்னாமல் மிஞ்சும் இரை அமோனியாவாகி அதைக் கொல்லும். அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் டெஸ்ட் கிட் வாங்கி முதல் வாரம் தினமும் பாருங்கள். இரண்டில் எதுவும் லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தொட்டால் அன்றைக்கே 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். உங்கள் தொட்டி இன்னும் காரமாகவே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பிஎச் 7 இருக்கும் தண்ணீரைவிட 8 இருக்கும் தண்ணீரில் அதே அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் டெஸ்ட் கிட்டைத் தேடாதீர்கள், முதலில் தண்ணீரை மாற்றுங்கள்.

கிரிப்டோகோரைன் இலைகள் ஒரு வாரத்தில் கூழாகக் கரையலாம். இலங்கையிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஓடைகளில் வளரும் இந்தச் செடி இனத்துக்கு இடம் மாறினால் இலையை உதறிவிட்டு வேரில் உயிரை வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. அழுகிய இலையை வெட்டிவிடுங்கள், வேரைப் பிடுங்கி எறியாதீர்கள். மூன்று நாலு வாரத்தில் துளிர்க்கும். ஸ்வார்ட்டின் மஞ்சள் இலைகள் இனிப் பச்சையாகாது. அடுத்து வருகிற புது இலையைப் பாருங்கள், அதில்தான் பதில் இருக்கும். கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் பாசி படிந்தால் அஞ்ச வேண்டாம், புது மணலில் அது வந்து போகும். விளக்கை முதல் மாதம் தினம் 6 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் குறைப்பட்டது. அந்தப் பளிங்குக் கல் உங்கள் செடிக்குக் கெடுதல் செய்தது, ஆனால் ஒரு நல்ல வேலையும் பார்த்துவந்தது. கழிவு சிதைவதில் உண்டாகும் அமிலத்தை அது தின்றுவந்தது. அதனால்தான் தண்ணீர் மாற்றாவிட்டாலும் நாலு வருடம் பிஎச் சரியாமல் நின்றது. கரையாத மணலுக்கு அந்தச் சக்தி கிடையாது. இனி அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும், வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதன் மூலம். அதைச் செய்ய முடியாது என்றால் கல்லை மாற்றவே வேண்டாம். ஸ்வார்ட்டை யாருக்காவது கொடுத்துவிட்டு, கடின நீரில் செழிக்கும் வாலிஸ்னேரியாவை நிறைய வளருங்கள்.

கடைசியாக அந்த டேங்க் கிளீனர். வேலை தொடங்கும் முன்பே அதை அனுப்பிவிடுவது நல்லதுதான். அவ்வளவு பெரிய மீன் போடும் கழிவு உங்கள் மற்ற மீன்கள் போடுவதற்குக் குறைந்ததல்ல. வாங்கிய கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். ஆனால் காவிரியில் விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த இனம் ஏற்கனவே நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகிக் கிடக்கிறது. கரையைக் குடைந்து பொந்து போடுகிறது, முள்ளுச் செதிலால் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடுங்குகிறது. அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்தோ பண்ணையிலிருந்தோ வந்து சேர்ந்தவற்றின் வழித்தோன்றல். எடுக்க ஆள் கிடைக்கும் வரை உங்களிடமே இருக்கட்டும்.